சாம் வாக்ஸ்டாஃபின் ஆவணங்கள்: கடிதத்துக்கு முன் ரசீதைப் படிக்க வேண்டும்

1984இல் லாஸ் ஏஞ்சலஸின் ஜே. பால் கெட்டி அருங்காட்சியகம் புகைப்படத்துக்கென்று ஒரு தனித் துறையைத் தொடங்கியது. படம் படமாகத் தேடி வாங்காமல், பெரிய தனியார் சேகரிப்புகள் சிலவற்றை ஒரே நேரத்தில் மொத்தமாக வாங்கிவிட்டது. அவற்றில் அதிகம் பேசப்பட்டது சாம் வாக்ஸ்டாஃபின் சேகரிப்பு. விலை சுமார் 50 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பத்தாண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் ஒரே ஆள் தன் கையால் தேர்ந்தெடுத்தவை அவை: நடார், கஸ்டாவ் லெ கிரே, ஜூலியா மார்கரெட் கேமரன், தாமஸ் ஈக்கின்ஸ், எட்வர்ட் வெஸ்டன். இவர்களோடு, யார் எடுத்தார் என்றே தெரியாத ஏராளமான படங்களும் உண்டு.

படங்கள் கெட்டிக்குப் போயின. அவற்றை வாங்கிய கதையைச் சொல்லும் தாள்கள் வேறு பாதையில் போயின. இன்று அவை முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அங்கமான அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம். அருங்காட்சியகக் காப்பாட்சியராக அவர் வேலை பார்த்த காலமும் ஓவியர், சிற்பிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அங்கே கூடுதல். மற்றொன்று கெட்டி ஆய்வு நிறுவனம். புகைப்படச் சேகரிப்புக் காலம் அங்கே. படங்கள் இருக்கும் அருங்காட்சியகமும் இந்த ஆய்வு நிறுவனமும் ஒரே குன்றின் மேல்தான் இருக்கின்றன. ஆனாலும் இரண்டுக்கும் பட்டியல் வேறு, எண் முறை வேறு, வாசகர் விதிகளும் வேறு. இரண்டையும் இணைத்துப் படிக்கும் வேலை ஆய்வாளருடையது.

இந்தக் கட்டுரை வற்புறுத்துவது ஒன்றைத்தான். ஒரு சேகரிப்பாளரின் தாள்கள் வந்து சேரும்போது எல்லோர் கண்ணும் பிரபலங்களின் கடிதங்கள் மேல் போகிறது. ரசீது, பில், ஏலச் சீட்டு, காப்பீட்டுப் பட்டியல் எல்லாம் கணக்குக் குப்பையாகத் தெரிகின்றன. உண்மையில் அந்தக் கணக்குத் தாள்களில்தான் புகைப்படம் கலையாக ஏற்கப்பட்ட வரலாறு நாள்வாரியாகப் பதிவாகியிருக்கிறது.

ஆளும் அவர் சென்ற ஊர்களும்

வாக்ஸ்டாஃப் 1921 நவம்பர் 4 அன்று நியூயார்க்கில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகம், கடற்படை, நார்மண்டித் தரையிறக்கம், பிறகு பல ஆண்டுகள் விளம்பரத் துறை. அதை விட்டுவிட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நுண்கலை நிறுவனத்தில் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை படித்தார். 1961இல் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டின் வாட்ஸ்வொர்த் அதினியத்தில் காப்பாட்சியரானார். 1964 ஜனவரியில் அங்கே அவர் வைத்த 'கறுப்பு, வெள்ளை, சாம்பல்' என்ற காட்சி, வடிவத்தையும் நிறத்தையும் மிகக் குறைத்துக்கொண்ட மினிமலிசக் கலைக்கு ஒரு அருங்காட்சியகம் தந்த முதல் இடம் என்று கருதப்படுகிறது. டோனி ஸ்மித், ராபர்ட் மாரிஸ், ஆக்னஸ் மார்ட்டின், டான் ஃபிளேவின், ஆன் ட்ரூயிட் ஆகியோரின் படைப்புகள் அதில் இருந்தன. 1968இல் டெட்ராய்ட் கலை நிறுவனத்துக்கு மாறினார். 1971இல் சிற்பி மைக்கேல் ஹெய்சர் சுமார் 30 டன் கிரானைட் பாறையை அந்த நிறுவனத்தின் புல்வெளியில் இழுத்துச் சென்று ஒரு படைப்பு செய்தார். புல்வெளி நாசமானது, அறங்காவலர்கள் கொதித்தார்கள், அதே ஆண்டு வாக்ஸ்டாஃப் வெளியேறினார். அந்தப் படைப்பு இன்று இல்லை. மிச்சம் இருப்பவை படங்களும் தாள்களும் மட்டுமே.

1972இல் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்பைச் சந்தித்தார். இருவரும் காதலர்களானார்கள், பிறகு கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். 1973இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓவியத் தன்மையுள்ள பழைய புகைப்படங்களின் காட்சி ஒன்றைப் பார்த்தார். அங்கே இருந்த எட்வர்ட் ஸ்டைக்கனின் 'ஃபிளாட்டைரன்' கட்டிடப் படம் அவரைத் திருப்பிப்போட்டது. அதன் பிறகு அவர் வாங்கியது புகைப்படம்தான். சேகரிப்பை விற்ற பின் அமெரிக்க வெள்ளிப் பாத்திரங்கள் பக்கம் போனார். 1987 ஜனவரியில் எய்ட்ஸ் தொடர்பான நிமோனியாவில் இறந்தார். இரண்டாண்டு கழித்து மேப்பிள்தார்ப்பும் அதே நோயில் இறந்தார்.

இந்த வரிசை ஆய்வாளருக்கு ஏன் முக்கியம் என்றால், ஒருவருக்கு வந்த கடிதங்கள்தான் அவர் பெட்டியில் இருக்கும். அவர் எழுதிய கடிதங்கள் அடுத்தவர் பெட்டியில் இருக்கும். அவரே கார்பன் நகல் எடுத்து வைத்திருந்தால்தான் இரண்டு பக்கமும் ஓரிடத்தில் கிடைக்கும். தவிர, காப்பாட்சியராக அலுவலகத் தாளில் எழுதியவை அவருடைய சொத்து அல்ல, அருங்காட்சியகத்தினுடையவை. ஆகவே 1964 காட்சிக்குப் படைப்புகளைக் கடன்பெற்ற படிவங்கள், காப்பீட்டு மதிப்புகள், அரங்க வரைபடம் ஆகியவற்றை முதலில் தேட வேண்டிய இடம் ஹார்ட்ஃபர்ட்; ஹெய்சர் விவகாரத்துக்கு டெட்ராய்ட். 'வாக்ஸ்டாஃப் ஆவணங்கள்' என்று பெயர் போட்ட பெட்டிகளை மட்டும் பார்த்து முடித்தவர் பாதி உரையாடலைத்தான் கேட்டிருக்கிறார்.

ஒரு ரசீதைப் படிப்பது

1974 அக்டோபரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் வாக்ஸ்டாஃப் ஒரு ஆல்பத்தை 52,000 பவுண்டுக்கு எடுத்தார். வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் 1864இல் தன் கையால் தொகுத்துக் கொடுத்த ஆல்பம் அது, 94 படங்கள். அன்றைய மாற்று விகிதத்தில் 1,20,000 டாலருக்கு மேல். பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்கு அனுமதி தரவில்லை. அந்த இடைவெளியில் லண்டன் தேசிய உருவப்பட அரங்கம் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அதே விலைக்கு ஆல்பத்தை நாட்டிலேயே நிறுத்திக்கொண்டது. கல்கத்தாவில் பிறந்து, 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் இறந்து, போகவந்தலாவையில் அடக்கமான ஒரு பெண்ணின் படங்களுக்காக இரண்டு நாடுகள் மோதிக்கொண்டன. பழைய புகைப்பட ஆல்பமும் தேசியச் சொத்தாகலாம் என்று அன்று பலருக்கு உறைத்தது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, ஆல்பம் கெட்டியில் இல்லை என்பது. அதாவது, சேகரிப்பின் பட்டியலைப் பார்த்தால் இந்தக் கொள்முதல் நடந்ததாகவே தெரியாது. கைக்கு வராதவை, திருப்பிக் கொடுத்தவை, மாற்றிக்கொண்டவை எல்லாம் தாள்களில் மட்டுமே வாழ்கின்றன.

ஏல பில்லை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. 1975இல்தான் கிறிஸ்டீஸும் சோதபீஸும் லண்டனில் வாங்குபவர் மீது 10 சதவீதக் கூடுதல் கட்டணம் போடத் தொடங்கின. அதற்கு முன்பு சுத்தியல் விழுந்த விலையே வாங்கிய விலை. அதற்குப் பிறகு 1,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் பில் 1,100 பவுண்டு, மேலும் அந்தக் கட்டணத்துக்கு வரி. அச்சிட்ட விலைப்பட்டியல் ஒரு தொகை சொல்லும், பில் வேறொரு தொகை சொல்லும், இரண்டும் சரிதான். அடுத்தது நாணயம். 1974இல் பவுண்டு 2.30 டாலருக்கு மேல் இருந்தது, 1976 இறுதியில் 1.70க்கும் கீழே வந்துவிட்டது. ஒரே விகிதத்தை எல்லா ஆண்டுக்கும் போட்டு மாற்றினால், விலை ஏறியதா இறங்கியதா என்ற முடிவே தலைகீழாகும்.

மூன்றாவது, வாங்கியவர் பெயர். ஏல நிறுவனம் வெளியிடும் பட்டியலில் பெரும்பாலும் கையைத் தூக்கிய வணிகரின் பெயர் இருக்கும். அவருக்குக் கமிஷன் கொடுத்துப் பின்னால் இருந்து வாங்கிய சேகரிப்பாளரின் பெயர் இருக்காது. வணிகர் பிறகு அனுப்பும் பில்லில்தான் இருவரும் ஒரே தாளில் தெரிவார்கள்.

நான்காவது, எண்ணிக்கை. ஒரு ஏலத் தொகுதியில் 30 படங்கள் இருக்கலாம். வாங்கியவருக்கு வேண்டியது 1. மீதியை வணிகரிடம் கொடுத்து வேறொன்றுக்கு ஈடுகட்டிக்கொள்வார். அப்போது அடுத்த பில்லில் பணம் இருக்காது, 'வரவு' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியைத் தவறவிட்டால் அடுத்த படம் இனாமாக வந்ததுபோலத் தோன்றும். ஆல்பங்கள் இதைவிடச் சிக்கல். ஒரு ஆல்பத்தை ஒரு பொருள் என்றும் எண்ணலாம், 100 படம் என்றும் எண்ணலாம். பெரிய சேகரிப்பு எதற்கும் ஆளுக்கொரு மொத்த எண்ணிக்கை சொல்வது இதனால்தான்.

படத்தின் முதுகையும் ரசீதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வணிகர்கள் பின்புறத்தில் பென்சிலால் விலைக் குறி எழுதுவது வழக்கம். எழுத்து எதுவும் திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் என்று கணக்கு வைப்பார்கள். அசல் விலை கடைக்காரருக்கு மட்டும் புரியும். அதே வணிகரின் நான்கைந்து பில்களைப் படங்களின் முதுகோடு ஒப்பிட்டால் குறி உடைந்துவிடும்; அவர் வாங்கிய விலையும் விற்ற விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரசீதுகளை எரித்த குடும்பத்தின் படங்களில் அந்தப் பென்சில் எழுத்து ஊமையாகவே இருக்கும்.

கடிதங்களும் தேதியில்லாத உறைகளும்

கலைஞர்கள் கடிதத்தில் தேதி போடுவதில்லை. 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் எழுதுவார்கள். ஆகவே உறையை ஒருபோதும் எறியக் கூடாது, கடிதத்திலிருந்து பிரிக்கவும் கூடாது. தபால் முத்திரை மங்கியிருந்தாலும் தபால்தலையின் மதிப்பு ஓரளவு சொல்லிவிடும். அமெரிக்காவில் சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கு 1963 முதல் 5 சென்ட், 1968 முதல் 6, 1971 மே முதல் 8, 1974 மார்ச் முதல் 10, 1975 டிசம்பர் கடைசி நாள் முதல் 13, 1978 மே முதல் 15. 8 சென்ட் ஒட்டிய உறை என்றால் டெட்ராய்ட் நாட்களின் முடிவிலிருந்து புகைப்படப் பைத்தியம் பிடித்த முதல் ஆண்டுவரை. முகவரியில் ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) இருந்தால் 1963க்கு முந்தியது அல்ல. எடை கூடிய கடிதத்துக்கு இரட்டைத் தபால்தலை இருக்கும் என்பதால், தலைகளைக் கூட்டிப் பார்க்குமுன் உள்ளே எத்தனை தாள் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

வாக்ஸ்டாஃபுக்கு எழுதியவர்களில் ரே ஜான்சன் ஆவணக்காப்பாளருக்கு ஒரு தனிச் சோதனை. தபாலையே கலையாக்கியவர் அவர். வெட்டி ஒட்டிய துண்டுகள், ரப்பர் முத்திரை, 'இதில் சேர்த்து இன்னாருக்கு அனுப்பவும்' என்ற கட்டளை. இது கடிதமா, படைப்பா? படைப்பு என்று முடிவுசெய்து ஃபிரேம் போட அனுப்பினால் பக்கத்துக் கடிதங்களோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். கடிதம் என்று சாதாரணக் கோப்பில் வைத்தால் பசை அடுத்த தாளில் ஒட்டும். சரியான வழி, அதன் இடத்திலேயே தனி அமிலமற்ற உறையில் வைப்பது. மடிப்பை நீவக் கூடாது. மடித்த விதமே படைப்பின் பகுதி.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை

முதல் வேலை எதையும் அடுக்காமல் இருப்பது. சேகரிப்பாளர் தன் பில்களை வணிகர் பெயரில் வைத்திருந்தால் அப்படியேதான் இருக்க வேண்டும். படமெடுத்தவர் பெயரில் மாற்றி அடுக்கினால் தேடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு வணிகரோடு எட்டு ஆண்டு நடந்த பேரம் துண்டு துண்டாகச் சிதறும். வந்த வரிசையைப் படமெடுத்து, பழைய கோப்பின் மேல் எழுதியிருந்த சொற்களை எழுத்து மாறாமல் புதிய உறையில் பென்சிலால் எழுத வேண்டும். உறைக்குள் தாளைப் போடுமுன் எழுத வேண்டும். உள்ளே வைத்துவிட்டு மேலே எழுதினால் பென்சில் அழுத்தம் படத்தில் பதியும்.

அடுத்து, ரப்பர் பேண்ட், கிளிப், ஸ்டேப்பிள் ஆகியவற்றை எடுப்பது. ரப்பரில் கந்தகம் உண்டு, அது வெள்ளிப் படங்களைக் கறுக்கவைக்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிளைக் கருவியால் பிடுங்கினால் தாள் கிழியும். பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி மெதுவாக எடுக்க வேண்டும். செய்தித்தாள் துண்டுகள் அமிலம் மிக்கவை, பக்கத்துத் தாளில் பழுப்பு நிழல் விழவைக்கும். அவற்றை நல்ல தாளில் நகலெடுத்துவிட்டு மூலத்தைத் தனி உறையில் வைக்கலாம், ஓரத்தில் கைக்குறிப்பு இருந்தால் மூலத்தை எறியவே கூடாது. 1950களுக்குப் பிந்தைய கோப்புகளில் வெப்பத்தால் எடுத்த நகல்கள் வரும். பழுப்பேறி மொத்தமாகக் கறுத்துப்போகும் தாள்கள் அவை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டியவை இவைதான், ஏனென்றால் பல நேரம் ரசீதின் ஒரே பிரதி அதுவாக இருக்கும்.

அதிகம் நடக்கும், திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு. வணிகர் கடிதத்தோடு ஒரு சிறிய படத்தை வைத்து, 'இது வேண்டுமா, விலை இவ்வளவு' என்று எழுதியிருப்பார். படங்களைக் குளிர்ந்த அறைக்கு மாற்றும்போது அதையும் எடுத்துப் போய்விடுவார்கள். இருந்த இடத்தில், 'இங்கிருந்த படம் இந்தப் பெட்டிக்குப் போயிருக்கிறது' என்று ஒரு சீட்டு வைக்காவிட்டால், கடிதம் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறது என்று இனி யாருக்கும் தெரியாது. படமும் பெயரில்லாத படமாகிவிடும். சீட்டு இரண்டு இடத்திலும் வேண்டும்.

தாளுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். நம் கடலோர ஊர்களில் ஏசியை இரவில் நிறுத்திவிட்டால் அந்த அளவு தானாக வந்துவிடும், அப்படி ஏற்றி இறக்குவது எப்போதும் ஓரளவு ஈரமாக இருப்பதைவிட மோசம். வண்ணப் படங்களுக்கும் அசிடேட் நெகட்டிவ்களுக்கும் 2 டிகிரி அல்லது அதற்குக் கீழே வேண்டும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. நிறம் மாறும் சோதனைத் துண்டு நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் போவதை வைத்து எதை முதலில் குளிரில் வைப்பது என்று முடிவுசெய்யலாம். முட்டை வெண்கருவால் ஆன ஆல்புமின் படங்கள் தாமாகச் சுருளும். விரலால் நீவி விரித்தால் மேல்படலம் விரிசல் விடும், அது திரும்பச் சேராது. படத்தைத் தொட நைட்ரைல் கையுறை, தாளைத் தொட சுத்தமான வெறும் கை. பிவிசி உறை எதற்கும் ஆகாது.

யாருடைய சொத்து

பெட்டியை வாங்கிய நிறுவனத்துக்குத் தாள் சொந்தம், சொற்கள் சொந்தமல்ல. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு. வெளியிடப்படாத எழுத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு, அந்த ஆண்டு முடியும்வரை. ஆகவே வாக்ஸ்டாஃபின் சொந்தக் குறிப்புகள் 2057 முடியும்வரை, மேப்பிள்தார்ப்பின் கடிதங்கள் 2059வரை, ரே ஜான்சனுடையவை 2065வரை, ஆக்னஸ் மார்ட்டினுடையவை 2074வரை உரிமையுள்ளவை. ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு தாளுக்கு நான்கு வேறு தேதிகள். படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம். முழுக் கடிதத்தையும் அச்சிட அனுமதி வேண்டும்.

அந்தரங்கம் இதைவிடக் கடினம். மருத்துவத் தாள்கள், வங்கி எண்கள், அன்று வெளியே சொல்ல முடியாத உறவுகளைப் பற்றிய கடிதங்கள். எய்ட்ஸ் காலத்து ஆவணங்களில் இவை எல்லாம் கலந்தே வரும். குடும்பம் அச்சத்தில் அழித்துவிடுவதுதான் பெரிய இழப்பு. கொடை ஒப்பந்தத்தில் 'இந்தக் கோப்புகள் இன்ன ஆண்டுவரை மூடியிருக்கும்' என்று ஒரு தேதி போட்டுவிட்டால் அழிக்கத் தேவை இராது. தேதி போடாமல் 'மூடியது' என்று மட்டும் எழுதினால் அது யாரும் திறக்கத் துணியாத பெட்டியாகிவிடும்.

தேடத் தொடங்கும் வரிசை

கெட்டி அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் ஒரு படத்தை எடுங்கள். 84 என்று தொடங்கும் எண் 1984இல் வந்ததைக் காட்டும். கீழே உடைமை வரலாற்றில் வாக்ஸ்டாஃப் பெயரும் அவருக்கு முந்தையவர் தெரிந்தால் அவர் பெயரும் இருக்கும். அந்த முந்தைய பெயரைக் கொண்டு கெட்டி ஆய்வு நிறுவனத்தின் விவரக் கையேட்டில் வணிகரின் கோப்பைத் தேடுங்கள். கையேடு கோப்பின் பெயர்வரைதான் சொல்லும், தாளுக்குத் தாள் சொல்லாது. ஆகவே ஆண்டை வைத்து இரண்டு மூன்று கோப்பை ஒன்றாகக் கேட்டுப் பெறுவது நல்லது. பிறகு அந்தத் தேதியின் ஏலப் பட்டியலை எடுத்துத் தொகுதி எண்ணைச் சரிபாருங்கள்.

அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகத்தின் தாள்களைப் பழைய நூல்களின் அடிக்குறிப்பு வழியாகத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1954இல் டெட்ராய்ட்டில் தொடங்கி 1970இல் ஸ்மித்சோனியனோடு சேர்ந்த இந்தக் காப்பகம் நெடுங்காலம் மைக்ரோஃபிலிமில், அதாவது தாள்களைச் சிறிதாகப் படமெடுத்த பிலிம் சுருள்களில், இயங்கியது. பழைய குறிப்புகள் ரீல் எண்ணையும் அதற்குள் அந்தப் படத்தின் சட்டக எண்ணையும் தரும், இன்றைய கையேடுகள் பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் தரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நேரடியாக மாற்ற முடியாது. கடிதம் எழுதியவர் பெயர், தேதி இரண்டையும் வைத்தே மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் எழுதும் குறிப்பிலும் எண்ணோடு அந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.